பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய மண்

நீலகிரியில் வேலை பார்த்த ஆண்டுகளில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் என்ன கேட்டாலும் என் பதிலில் ‘இருக்கலாம்’ என்ற சொல் வரக் கூடாது. கேட்பவர் மலைச்சரிவில் மண்வெட்டியோடு நிற்கிறவர். நாளைக் காலையில் அவர் உரம் போட வேண்டும், அல்லது போடக் கூடாது. ‘இருக்கலாம்’ என்று எழுதினால் பாதி மூட்டையா போடுவார்? இதையே கேட்டுக் கேட்டு எங்கள் மையத் தலைவரின் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

ஒரு பல்கலைக்கழகம் ஊட்டியில் திறந்திருந்த விரிவாக்க மையம் அது. மையம் என்றால் தகரக் கூரை போட்ட மூன்று அறைகள். ஒன்றில் மண் ஆய்வுக்கூடம், அதாவது நான். இன்னொன்றில் கால்நடை மருத்துவர். மூன்றாவதில் தலைவர். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த மனிதர், சித்திரையிலும் மஃப்ளரைக் கழற்றியதில்லை. மக்கள் கேட்கும் கேள்விகளுக்குப் படித்தவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் எங்களுக்கு இடப்பட்ட பணி. சுற்றுப்பட்டு ஊர்களில் டீக்கடைகளில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டிகள் வைத்திருந்தோம். கேள்வியை எழுதிப் போடலாம், எழுதத் தெரியாதவர்கள் டீக்கடைக்காரரிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். வாரம் ஒருமுறை பஸ் கண்டக்டர்கள் அந்தச் சீட்டுகளைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள்.

கேள்விகள் எல்லா ரகமும் வரும். குந்தா மின்நிலையத்திலிருந்து போகும் மின்கம்பி தோட்டத்தின் மேலே போனால் மாட்டுக்குப் பால் வற்றுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கால்நடை மருத்துவர், வற்றாது, மாட்டுக்குப் புல் போதவில்லை என்று எழுதினார். அதே ஆள் அடுத்த வாரம், கம்பியைக் கேட்டேன், புல்லைக் கேட்கவில்லை என்று பதில் போட்டார். தேயிலைக்கு நிழல் மரம் எத்தனை அடிக்கு ஒன்று, உருளைக்கிழங்கை முளை வந்த பிறகு தின்னலாமா, உறைபனிக்குச் சாம்பல் தூவினால் செடி பிழைக்குமா. ஒருவர் கேட்டது பலருக்கும் உதவும் என்று தோன்றினால் பதிலை ஸ்டென்சில் வெட்டி, தாளில் உருட்டிப் படியெடுத்து, ஊர் ஊராக டீக்கடைச் சுவரில் ஒட்டச் செய்வோம். மாதம் ஒருமுறை ஓர் ஊருக்கு நேரே போய் உட்கார்ந்து பதில் சொல்வோம். கேள்வி நாள் என்று அதற்குப் பெயர்.

மண்ணைப் பற்றிக் கேட்பவர்களிடம் மண்ணையே அனுப்பச் சொல்வேன். வயலில் பத்து இடத்தில் தோண்டி, எல்லாவற்றையும் கலந்து, அதில் ஒரு கிலோவை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, பெயரும் ஊரும் எழுதி அனுப்ப வேண்டும். இதை எத்தனை கூட்டங்களில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொன்னால் செய்வார்கள் என்றுதான் நினைத்தேன். செய்யவும் செய்தார்கள், அவர்கள் வழியில்.

கோத்தகிரிக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து ஒரே வாரத்தில் பதினோரு பைகள் வந்தன. அவ்வளவு சுத்தமான மண்ணை நான் பார்த்ததில்லை. கல் இல்லை, வேர் இல்லை, சல்லடையில் சலித்தது போலப் பொடியாக, கறுப்பாக இருந்தது. ஆய்வு செய்தேன். இந்த மலை மண் பொதுவாகக் கடும் புளிப்பு. மழை சுண்ணாம்புச் சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் இந்தப் பதினோரு பையிலும் புளிப்பே இல்லை. எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தன. என் பதிலை எழுதினேன்: “இவ்வூர் மண் நல்ல நிலையில் உள்ளது. சுண்ணாம்பு இட வேண்டியதில்லை.” டீக்கடைச் சுவருக்குத் தாளும் போயிற்று. சரிவுக்குச் சரிவு மண் மாறும் மலையில் பதினோரு வயலும் எப்படி ஒன்றுபோல இருக்கும் என்று ஒரு முதலாண்டு மாணவிக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. அதற்கு மேல், சமவெளியில் நடந்த ஒரு கூட்டத்தில், சீரான மண்ணுக்கு உதாரணமாக அந்த ஊரைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் முகம் சுடுகிறது.

கார்த்திகையில் ஒருநாள் அந்த ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு முட்டைக்கோஸ் செடி. சிறுமியாக இருக்கும்போது பெற்றோரோடு இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர். இங்கே எஸ்டேட்டில் இருபது ஆண்டு கொழுந்து பறித்தவர். கணவர் இன்னும் பாக்டரியில் வேலை பார்க்கிறார், குடியிருப்பது எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில்தான். இந்த அம்மா மட்டும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கணக்கை முடித்துக்கொண்டு, அரை ஏக்கர் சரிவைக் குத்தகைக்குப் பிடித்துக் கோஸ் போட்டார். நீ திரும்பி வருவே, வராம எங்கே போவே என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தாராம். இதையெல்லாம் அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

முதலாண்டு நல்ல விளைச்சல். இரண்டாம் ஆண்டு செடிகள் வெயில் நேரத்தில் துவண்டன. இந்த ஆண்டு பாதிக்கு மேல் தலை கட்டவே இல்லை. நிலத்துக்காரர், எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், வந்து பார்த்தார். அவர் ஒன்றும் மோசமான மனிதர் இல்லை, ஆனால் எழுத்தில் இருப்பதை மட்டுமே நம்பிப் பழகியவர். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த என் தாளைப் படித்திருந்தார். மண் நன்றாக இருக்கிறது என்று யூனிவர்சிட்டியே எழுதிக் கொடுத்துவிட்டது, அப்படியென்றால் கெட்டிருப்பது பயிர் பண்ணுகிறவள் கைதான் என்று ஊரறியச் சொல்லிவிட்டார். தை பிறந்ததும் நிலத்தைத் திரும்ப எடுத்துத் தேயிலை நடப் போகிறாராம்.

“நான் செடிக்கு மருந்து கேக்க வரலைங்க மேடம்” என்றார் அவர். “செவுத்துல ஒட்டியிருக்கிற அந்தத் தாளைக் கிழிச்சுடுங்க. அது இருக்கிற வரைக்கும் நான் என்ன சொன்னாலும் ஊருல எடுபடாது. காலையில மறுபடியும் பெரட்டுக்குப் போய் நிக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல.”

பெரட்டு என்றால் விடியற்காலையில் எஸ்டேட் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் எடுப்பது. அந்த வரிசையில் இருபது ஆண்டு நின்றவருக்குத் திரும்பப் போய் நிற்பது என்னவென்று எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. எனக்கு வந்தது கோபம். என் ஆய்வு எப்படித் தவறாகும்? ஆய்வுப் பதிவேட்டை எடுத்து, அவர் பெயருக்கு நேரே இருந்த எண்ணைக் காட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு செய்தித்தாளைப் பிரித்துச் செடியை மேசைமேல் வைத்தார். வேர் இஞ்சிக் கிழங்கு போல முண்டும் முடிச்சுமாகத் தடித்திருந்தது. புளித்த மண்ணில்தான் அந்த நோய் இவ்வளவு கொழுக்கும். நான் எழுதிய எண்ணும் அந்த வேரும் ஒரே வயலில் இருக்க வழியில்லை. பதிவேட்டை மூடினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவரோடு போனேன். கையோடு எடுத்துப் போகும் ஒரு சிறு பெட்டி என்னிடம் உண்டு. குழாயில் மண்ணும் தண்ணீரும் போட்டு இரண்டு சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் தாண்டி ஆரஞ்சுக்குப் போனால் கடும் புளிப்பு. அவருடைய சரிவில் நான்கு இடத்தில் தோண்டினேன். நான்கு குழாயும் ஆரஞ்சு. நீங்கள் அனுப்பிய மண்ணை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கீழே நிலத்துக்காரர் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டி ஒரு பாத்தி. பல வருஷமாக அடுப்புச் சாம்பலும் சாணமும் கொட்டிக் கொட்டி மண் கறுத்துப் பொலபொலவென்று கிடந்தது. ஊரிலேயே நல்ல மண் எதுவென்று கேட்டால் குழந்தைகூட அந்தப் பாத்தியைக் காட்டும். சாம்பல்தான் புளிப்பை எடுத்திருந்தது.

“யூனிவர்சிட்டிக்குப் போற மண்ணு. பேரெழுதி அனுப்புறோம். படிச்சவங்க கையில தொட்டுப் பாக்கிறது. கல்லும் வேருமா கண்டதை எப்படிங்க அனுப்புறது?” என்றார் அந்த அம்மா. பெண் பார்க்க வருகிறவர்களிடம் கொடுக்கும் போட்டோவுக்கு இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டுவதைப் போலத்தான் அவர் சொன்னது இருந்தது. அவர் மட்டுமா என்று கேட்டேன். இல்லை, ஊரே அங்கேதான் எடுத்தது, ஆளில்லாத நேரம் பார்த்து ஆளுக்கு ஒரு கிலோ. அது இரண்டு தலைமுறைச் சாணம், நிலத்துக்காரர் பொன் மாதிரி வைத்திருப்பார், கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார் என்றார். அதனால் இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

திரும்பி வந்ததும் தலைவரிடம் போனேன். அந்த ஊருக்குச் சொன்ன பதில் தவறு, அதை அங்கேயே கூட்டம் கூட்டிச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார். ‘திருத்தப்பட்ட பரிந்துரை’ என்று தலைப்புப் போட்டுச் சுண்ணாம்பு இடுக என்று எழுதி ஒட்டிவிட்டால் போதும் என்றார். ஒருமுறை தவறு என்று நாமே சொல்லிவிட்டால், சரியாகச் சொன்ன நூறு பதிலையும் யார் நம்புவார்கள் என்பது அவர் கவலை. அது வெறும் பயம் என்று நான் அப்போது நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆனால் திருத்தப்பட்ட பரிந்துரை அந்த அம்மாவைக் காப்பாற்றாது. பழைய தாளும் சரி, புதிய தாளும் சரி, கை மட்டும் தவறு என்றுதான் ஊர் படிக்கும். தவறு என்ற சொல் அந்தச் சுவரில் இருந்தே ஆக வேண்டும் என்றேன். இரண்டு நாள் இதே சண்டை. மூன்றாம் நாள் அவர், சொல்வதானால் உன் வாயால் சொல், ஆனால் நானும் வருவேன் என்றார். அந்தக் கடைசிப் பாதியை நான் எதிர்பார்க்கவில்லை.

கேள்வி நாளை அந்த ஊருக்கு மாற்றினோம். கூட்டுறவுச் சங்கத்தின் முன்னறையில் பெஞ்சுகள். முன் வரிசையில் நிலத்துக்காரர், சட்டைப் பையில் இரண்டு பேனா. பின்னால் கதவோரம் அந்த அம்மா. எல்லாருக்கும் பின்னால் எங்கள் தலைவர். நான் எழுந்து நின்றேன். சுற்றி வளைத்தால் நாக்குப் பின்வாங்கிவிடும் என்று தெரிந்ததால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன்.

“போன தடவை உங்க ஊர் மண்ணைப் பத்தி நான் எழுதினது தப்புங்க. வயல் மண்ணு புளிச்சுக் கிடக்குது. அதுலதான் கோஸுக்கு வேர் வீங்குற நோய் முத்திப்போச்சு. பயிர் பண்ணினவங்க கை தப்பில்லைங்க.”

நிலத்துக்காரர் மெதுவாக எழுந்தார்.

“ஏனுங்கம்மா, வயல் மண்ணு புளிச்சதுன்னா, நீங்க பார்த்து எழுதுனது யாரு மண்ணுங்க?”

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும், சொல்ல முடியாது. வந்த மண்ணைத்தான் பார்த்தேன், அது வயல் மண் இல்லை, அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று ஏதோ உளறினேன். அவர் தலையாட்டினார். எஸ்டேட் ஆபீசில் எத்தனையோ பேர் இப்படிக் காரணம் இல்லாமல் லீவு கேட்டதைப் பார்த்தவரின் தலையாட்டல் அது. போன தடவை ஒன்று சொன்னீர்கள், இப்போது ஒன்று சொல்கிறீர்கள், ரெண்டுக்கும் ஆதாரம் வேண்டாமா என்றார். பெஞ்சுகளில் சிலர் சிரித்தார்கள். என் கண் கலங்கத் தொடங்கியது. ஊருக்கு நடுவில் அழுதால் எல்லாம் முடிந்தது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கதவோரத்தில் அந்த அம்மா எழுந்தார்.

“உங்க கொட்டாய் ஓரத்துப் பாத்தியில எடுத்ததுங்க ஐயா. நான்தான் எடுத்தேன். கேக்காம எடுத்தேன்.”

நிலத்தைக் கையில் வைத்திருப்பவரிடம், அந்த நிலத்துக்காகவே வந்து நின்றவர் இதைச் சொன்னார். எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் ஏற்பட்ட மரியாதை என் பேராசிரியர்கள் எவர்மேலும் ஏற்பட்டதில்லை. நிலத்துக்காரரின் முகம் இறுகியது. அதற்குள் இரண்டாவது பெஞ்சிலிருந்து டீக்கடைக்காரர், நானும் அங்கேதானுங்க எடுத்தேன் என்று எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். பிறகு எண்ணவே தேவையில்லாதபடி ஒவ்வொருவராக எழுந்தார்கள். பத்துப் பேர் நின்றதும் அதற்கு மேல் யாரும் எழவில்லை.

நிலத்துக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, அந்த ரிஜிஸ்டரைக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்து, எண்களின் வரிசையில் மேலிருந்து கீழாக ஓட்டிக்கொண்டே வந்தார். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண். கடைசியில் பேனா நின்றது. அது அவருடைய பெயர். அவரும் தன் மேட்டு வயலுக்கு மண் ஆய்வு கேட்டிருந்தார்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு, “என்ற பையும் அங்கதானுங்க எடுத்தேன்” என்றார். “மேட்டு மண்ணு பார்க்க நல்லா இல்லைங்க, அதான்.”

அறையே சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்தார், ஆனால் நிலத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நான் நோயைப் பற்றிச் சொன்னேன். சுண்ணாம்பு போட வேண்டும், அத்தோடு அந்த வயல்களில் கோஸ் இனி கூடாது, பூண்டோ பீன்ஸோ கேரட்டோ போடுங்கள் என்றேன். எத்தனை வருஷத்துக்கு என்று டீக்கடைக்காரர் கேட்டார். பல வருஷம் ஆகும், சரியாக எத்தனை என்று எனக்குத் தெரியாது என்றேன். அந்த ஊரில் நான் சொன்ன பதில்களிலேயே அதற்குத்தான் அதிகம் பேர் தலையசைத்தார்கள். கூட்டம் முடிந்ததும் டீக்கடைச் சுவரில் இருந்த பழைய தாளைத் தலைவரே சுரண்டினார். மைதாப் பசையில் ஒட்டியது லேசில் வரவில்லை. பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவும் கத்தியை வாங்கி, மஃப்ளர் தரையில் விழ விழச் சுரண்டி, கடைசித் துண்டு வரை எடுத்தார். அதே இடத்தில் புதுத் தாளை ஒட்டினோம். அதில் தவறு என்ற சொல் முதல் வரியிலேயே இருந்தது.

அடுத்த வாரம் கண்டக்டர் பைகளைக் கொண்டுவந்து இறக்கும்போது முகத்தைச் சுளித்தார். கல், வேர், மண்புழு, பாதி அழுகிய கோஸ் தண்டு எல்லாம் கலந்த மண். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் எண்ணிப் பார்த்தால் பத்துதான் இருந்தது. அந்த அம்மாவின் பை இல்லை. நிலம் போய்விட்டது, அவர் பெரட்டுக்குத் திரும்பிவிட்டார் என்றே முடிவு கட்டினேன். அந்த வாரம் முழுக்க, ஊருக்கு முன்னால் தவறு என்று சொல்லி என்ன பிரயோசனம், எல்லாம் என் மனச்சாட்சிக்குத்தான் ஆயிற்று என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, மையத்தின் கதவைத் திறக்கப் போனபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பை எதுவும் இல்லை. இந்த வருஷம் நீயே பண்ணு என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டாராம். ஒரே ஒரு நிபந்தனை, மண்ணை அந்த யூனிவர்சிட்டி அம்மாவே வந்து நின்று எடுக்க வேண்டும். அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமாம்.

அவர் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனோம். அவர் மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். அன்று எனக்கு இடம் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. செடி முதலில் சுருண்ட மூலை, தண்ணீர் தேங்கும் குழி, ஒன்றுமே முளைக்காத மொட்டை இடம் என்று மோசமான இடங்களாகப் பார்த்துப் பார்த்து அவர் நின்றார். அவர் நின்ற இடத்தில் எல்லாம் நான் தோண்டினேன். பனி உருகிய மண் மண்வெட்டியில் அப்பியது. நிலத்துக்காரர் மேட்டில் நின்று இடங்களை எண்ணிக்கொண்டிருந்தார். பத்து ஆயிற்று, போதும் என்று நான் நிமிர்ந்தேன். கை எரிந்தது, உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்தது.

அந்த அம்மா நகரவில்லை. இன்னும் கீழே, சரிவு முடிகிற இடத்தில் போய் நின்று காலால் தட்டிக் காட்டினார்.

“இங்கேயும் தோண்டுங்க மேடம். இந்தத் தடவை தப்பாப் போச்சுன்னா நான் மட்டும் பெரட்டுக்குப் போக மாட்டேன். உங்களையும் கூட்டிட்டுப் போய்க் கொழுந்து பறிக்க விட்டுடுவேன்.”